பாணி

முதல்நாள் அவள் பாணி என்றாள்.
நான் பாண் வெட்டிக் கொடுத்தேன்.
வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் வைத்தாள்.
பாணி என்றாள் மறுபடியும், மெதுவாக,
பிழை தன்னுடையதாய் இருக்கலாம் என்பதுபோல.
இதயரூபன் சைக்கிளை மிதித்துப் போய்
சங்கக் கடையிலிருந்து
பனம்பாணிப் போத்தலோடு வந்தார்.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தோம்.
முகம் சுளித்தாள். அழவில்லை.
பின்னேரம் குழாயடியில்
நாய் குடிக்கிற சட்டிக்குள் வாயை வைத்து
அவள் குடித்துக்கொண்டிருந்ததைக் கண்டபோதுதான்
விளங்கியது:
ஒடிசாவில் தண்ணிக்குப் பெயர் பாணி.

மூன்று வருசம்.
கொழும்பில் ஒரு திணைக்களம், டெல்லியில் ஒரு திணைக்களம்,
பொலிஸ் சான்றிதழ், சளிச் சோதனை,
இடம்பெயர்வில் துலைந்த எங்கள் கலியாண எழுத்துக்காக
ஒரு சத்தியக் கடதாசி.
அவ்வளவு கடதாசியிலும்
ஒருவரும் எழுதி வைக்கவில்லை
அந்த ஒரு சொல்லை.

பெயர் குனி. அங்கே வைத்தது.
மாற்றுங்கோ, பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவாங்கள்
என்று வட்டக்கச்சியில் அரைவாசிப் பேர் சொல்லிவிட்டார்கள்.
ஒவ்வொரு தரம் கூப்பிடும்போதும்
குனிகிறது என்னவோ நாங்கள்தான்.
இருக்கட்டும்.

"ஏன், இங்க இல்லாத பிள்ளையளே?"
வேலிக்கு அங்காலிருந்து கனகேஸ்வரி அக்கா.
பதில் இருந்தது.
சண்டை முடிந்த கையோடு ஓர் இல்லத்துக்குப் போனோம்.
பொறுப்பாளர் கோவையைத் திறந்தார், மூடினார்.
ஆரும் தேடி வரக்கூடும், என்றார்.
அந்தப் பெடியனும் கேற்றைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.
இதை எப்படிச் சொல்ல,
மகனின் படத்தோடு றோட்டோரப் பந்தலுக்குப்
போய்வருகிற ஒருத்திக்கு?
முருங்கைக்காய் வேணுமோ அக்கா, என்று கேட்டேன்.

தலையணைக்குக் கீழே பிஸ்கட்.
சட்டைப்பைக்குள் நேற்றைய சோறு.
எறும்புக்கு மஞ்சள் போட்டோம்,
பிஸ்கட்டை எடுக்கவில்லை.

நான் மவுசி.
அக்காவும் மவுசி, ஊசி போட்ட மிஸ்ஸும் மவுசி,
வாழைப்பழம் கொடுத்த பஸ் கொண்டக்டர், மீசையோடு, மவுசி.
அம்மா என்று சொல்லு, என்று ஒருநாள்
சமைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன்.
அம்மா என்று சொல்லு, என்றாள் அவளும்,
முழுசாக, ஒரு எழுத்துத் தவறாமல்.

சிறுபோகத்துக்கு இரணைமடுத் துருசு திறந்த காலை
சைக்கிள் பாரில் இருந்தவள்
வாய்க்காலைக் கண்டு கத்தினாள்:
பாணி! பாணி! பாணி!
இரண்டு மாதத்தில் அதுதான் முதல் பெரிய சத்தம்.
மண்வெட்டியோடு போன ஒருவர் திரும்பிச் சிரித்தார்:
ஓம் பிள்ளை, இந்த வருசம் பாணிதான்.

இரவில் மட்டும் ஒன்று.
விழித்தால் சத்தம் போடமாட்டாள்.
நாங்கள் எழும்பிப் பார்க்கும்போது
இருட்டில் கண் திறந்தபடி இருப்பாள்.
எவ்வளவு நேரமாய் என்று தெரியாது.
முப்பது தொட்டில் உள்ள அறையில்
அழுகை ஒரு பிரயோசனமில்லாத வேலை
என்று முதலே படித்துவிட்டாள்.

நேற்றுக் கரண்ட் இல்லை.
மயில் ஒன்று எங்கோ அகவியது.
பிறகு, எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே,
மவுசீ, என்று ஒரு வீரிட்ட அழுகை.
ஓடின ஓட்டத்தில் கதவு நிலையில்
பெருவிரல் நகம் போனது.
பாணியா? இல்லை.
பசியா? இல்லை.
முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் படுத்தாள்.
அரை மணித்தியாலத்தால் மறுபடியும்.
மறுபடியும்.
வருகிறாளா என்று பார்க்கிறாள், என்றார் இதயரூபன்.
ஏழு தரம் போனேன்.
ஏழாவதில் அவள் நித்திரை, நான் நிலத்தில்.

விடிய, வேலியடியில் அக்கா:
"ராத்திரி பிள்ளை அழுத சத்தம் கேட்டுது."
ஓம் அக்கா, அழுதவள், என்றேன்,
சோதினை பாஸ் பண்ணின ஆள்போல.
அவ கிடுகைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றா.
பிறகு தண்ணி இறைக்கப் போனா.