இல்லை என்பதற்கு எட்டுக் கட்டங்கள்

பஸ் பலகை பெஸ்தாரி ஜெயா என்கிறது.
நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான்
டிக்கெட் கேட்கிறோம்.
பேரை மாற்றியவர்கள் நாக்கை மாற்ற மறந்துவிட்டார்கள்.

செம்பனை ஆலையின் கட்டுப்பாட்டறையில்
எனக்கு இரவு ஷிப்ட்.
குலைகளை அவிக்கும் நீராவி உருளைகள் நான்கு.
எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம்,
கதவை எப்போது திறக்கலாம்,
போன வருஷத்திலிருந்து எல்லாம் அதுதான் சொல்லும்.
பேர் வைக்கவில்லை. அது, அவ்வளவுதான்.
சொல்வது அது, சம்மதிப்பது நான்.
பாதுகாப்புக்கு ஒரு மனிதர் இருக்க வேண்டுமாம்.
ஒப்பந்தத்தில் நான்
பதினான்காம் பக்கம், மூன்றாம் பத்தி.

'சரி' பச்சை. உள்ளங்கை அகலம். ஒரு தொடுதல்.
'இல்லை' மூலையில், சாம்பல் நிறத்தில்.
தொட்டால் எட்டுக் கட்டம் விரியும்:
காரணம் என்ன, ஆதாரம் என்ன,
மேலாளரின் ரகசிய எண்,
நிறுத்தினால் எத்தனை டன் நட்டம்...
எல்லாம் ஆங்கிலத்தில்.
விடியற்காலை மூன்று மணிக்கு
எனக்கு வருகிற ஆங்கிலம் ஒரே ஒரு சொல்.
அதை அந்தக் கட்டம் ஏற்காது.

ஓர் இரவுக்கு இருநூறு முறை கேட்கும்.
முதல் மாதம் ஒவ்வொன்றையும் படித்தேன்.
அடுத்த மாதம் எண்களை மட்டும்.
பிறகு நிறத்தை.
பிறகு என் விரல் தனியாக வேலைக்குப் போனது,
நான் மகளின் பல் வைத்தியச் செலவைக்
கூட்டிக்கொண்டிருந்தேன்.
அது ஒருமுறைகூடத் தவறியதில்லை.
அதுதான் கஷ்டம்.
தவறாத ஒன்றை எத்தனை நாள்
முறைத்துக்கொண்டே இருப்பது?

தைப்பூச விடுப்பு முடிந்த மறுநாள்.
மூன்றாம் உருளை.
அழுத்தம் சுழியம், திறக்கலாம் என்றது.
சரி என்றேன்.
கீழே ஷோஃபிக்குல்
கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்துவிட்டான்.
ரப்பர் விளிம்பில் ஒரு சீழ்க்கை,
பூனை மூச்சளவு.
உள்ளே இன்னும் நீராவி.
அழுத்தமானியின் குழாயில் கசடு அடைத்திருந்ததாம்.
அடைத்த குழாய்க்கு எல்லாம் சுழியம்தானே.

அறிக்கையில் 'மனிதத் தவறு' என்று போட்டார்கள்.
மனிதர்: குமுதநாயகி த/பெ ரெங்கன்.
கதவைத் திறக்காத மனிதனுக்கு
அதில் கட்டமே இல்லை.

கோலாலம்பூரிலிருந்து மிஸ் இயோ வந்தார்.
இயந்திரத்தைத் திறக்கவில்லை,
நாற்காலியை அளந்தார்.
நான்கு இரவு என் பின்னால் உட்கார்ந்து
என் கொட்டாவிகளை எண்ணினார்.
கடைசி நாள் பசியாறும்போது, மலாயில்:
"இந்த வருஷம் எத்தனை முறை இல்லை சொன்னீர்கள்?"
ரொட்டி சானாயைப் பருப்பில் தோய்த்தபடி யோசித்தேன்.
தோய்ந்த துண்டு கிண்ணத்திலேயே விழுந்துவிட்டது.
அதையும் எழுதிக்கொண்டாரோ என்னவோ.
தே தாரேக்குக் காசு அவரே கொடுத்தார்.

இப்போது இரண்டு பொத்தானும் ஒரே அளவு.
இருநூறு கேள்வி பதினொன்றாகிவிட்டது.
உருளைக் கதவருகே ஷோஃபிக்குலுக்கும் ஒரு 'இல்லை',
வங்காள எழுத்தில்.

நேற்று இரண்டேகாலுக்கு, இரண்டாம் உருளை.
எண்கள் ஒழுங்கு.
திறக்கலாம் என்றது.
எனக்கு என்னவோ, சொல்லத் தெரியவில்லை,
இல்லை.
ஆலை நின்றது. வாசலில் பதினேழு லோரி.
ஓட்டுநர்கள் என் அம்மாவை நலம் விசாரித்தார்கள்.
நாற்பது நிமிடம் பிரித்துப் பார்த்தார்கள்.
ஒன்றுமில்லை.
அது சொன்னது சரி. நான்தான் தவறு.

காலையில் மேலாளர் பாலகோபாலன் வந்தார்.
நட்டக் கணக்கைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதில்தான் இருக்கிறது
இன்று இரவு
மூன்றாம் உருளையின் கதவுப் பிடியில்
ஷோஃபிக்குலின் கை.