இரண்டாம் பாதியில் பூச்சியம்

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
மன்சூரின் கடை. ஷட்டர் பாதி இறக்கியாயிற்று.
பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில்
நாலு பேர் ஓய்ந்துபோன ஆட்டக்காரர்களைப்
பிரித்து எடுக்கிறார்கள். ஆளுக்கு எட்டுப் பேர்.
முழங்கால் பழுதாகும் முன்னிருந்த முழங்காலோடு வருவார்கள்.
செத்தவர்களையும் எடுக்கலாம்.
கனடா போனவர்களுக்கு விசா தேவையில்லை.

சீட்டு எழுதிக் குலுக்கியதில் முதல் தெரிவு ஜெரோமுக்கு.
யோசிக்கவேயில்லை: "துவான் ஜுனைதீன்."
ஒருத்தரும் மறுக்கவில்லை.
ஜுனைதீன் எழும்பினால் இறங்க மறந்துபோவான் என்பார்கள்.
இப்போது மாளிகாவத்தையில்
லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் நாலாம் மாடி அவனுக்கு.

இரண்டாவதுக்குச் சண்டை. வான்டோர்ட்டா, ருக்மாலா?
"வான்டோர்ட் மெட்ச்சுக்கு முப்பது அடிச்சவன்," என்கிறான் கபிலன்.
எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.
நான் மேசையில் இருந்தவள்.
கொம்பனி லீக்கில் ஒன்பது வருடம் ஸ்கோர் எழுதியவள்,
முதற்பாதிக்கு நீலப் பேனை, மற்றதற்குச் சிவப்பு.
"பதினேழு."
"சும்மா போங்க அக்கா."
"பதினேழு தசம் நாலு. நீ பார்த்தது ஒரேயொரு மெட்ச்."
கபிலனுக்குக் கோபம். பிளேன்ரீ ஆறிப்போகிறது.
தன் பன்னிரண்டு வயதைக் கூட்டிக் கழித்துவிட்டேன் என்பதுபோல
ருக்மாலையும் விட்டுவிட்டு
யாரோ ஒரு உயரமானவனை எடுக்கிறான்.

ஆறாம் சுற்று. ஏழாம் சுற்று.
பெயர்கள் குறைய நக்கல் கூடுகிறது.
"பதின்மூன்றாம் நம்பர் மிச்சம் இருக்கிறானே,
இன்ஷூரன்ஸ் டீம், கோகுலரமணன்?"
"ஐயோ, அரை ஆள்!
இடைவேளைக்குப் பிறகு தேடினாலும் கிடையாது."
"மூச்சில்லாதவன்."
"உங்கட சிவப்புப் பேனைக்கு அவனால
ஒரு சொட்டு மை செலவாகியிருக்காது, என்ன அக்கா?"

உண்மைதான்.
நீலத்தில் பதினாறு, பதினெட்டு, ஒருமுறை இருபத்துமூன்று.
சிவப்பில் பூச்சியம். பூச்சியம். பூச்சியம்.
ஒரு புள்ளியால் தோற்ற இரவில்
அவனை ஏசியவர்களில் நானும் ஒருத்தி.

பிறகொரு நாள் அவன் விழுந்தபோது
சொக்ஸுக்குள்ளிருந்து வழுகி வந்தது
பொலித்தீனில் சுற்றிய ஒரு கடதாசி.
நாலாக மடித்த பொலிஸ் ரிப்போர்ட்.
றெஃபரி எடுத்தார், விரிக்கவில்லை,
பந்தைக் கொடுப்பதுபோல் கையில் கொடுத்தார்.
விசில்.
ஆட்டம் ஏழு மணிக்கு. லொட்ஜ் கேட் எட்டரைக்குப் பூட்டு.
எட்டரைக்குப் பிறகு வீதியில் நிற்கிற பெடியனுக்கு
எந்தக் கடதாசியும் போதாது.
இடைவேளை மணி அடிக்க
ஜேர்சிக்கு மேலே சேட்டைக் கொளுவிக்கொண்டு
பம்பலப்பிட்டிச் சந்திக்கு அவன் ஓடிய ஓட்டத்தை
மூச்சில்லாதவன் ஓடமுடியாது.
என் தாளில் புள்ளிக்குக் கட்டம் இருந்தது, பவுலுக்கும் இருந்தது.
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இதை இவர்களுக்குச் சொல்லலாம்தான்.
சொன்னால் பாவம் பார்த்து எடுப்பார்கள்.
பாவம் பார்த்து எடுக்கிற ஆட்டக்காரனில்லை அவன்.
இடது பக்கத்தால் உள்ளே போய்
மூன்று பேரை ஒரே தோளால் ஏமாற்றுகிறவன்.

ஜெரோமின் போன் அடிக்கிறது. மகளை டியூஷனால் ஏற்றவேண்டும்.
"கடைசி ஆளை நீங்களே எழுதுங்க அக்கா."
மன்சூரின் பில் பேனையால் எழுதுகிறேன்.
எட்டிப் பார்க்கிறான், தலையில் கைவைக்கிறான்.
"அரை ஆளை என்னத்துக்கு?
முதற்பாதிக்கு மட்டுமா இறக்கப்போறீங்க?"
"இல்லை. இரண்டாம் பாதிக்கு."
சிரிக்கிறார்கள். கபிலன்தான் கூடச் சிரிக்கிறான்,
பதினேழுக்குப் பழி தீர்ந்தது.

ஷட்டரின் கீழால் குனிந்து வெளியே வருகிறோம்.
மணி ஒன்பது இருபது.
காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ்,
உள்ளே லைட் எல்லாம் எரிய,
ஆளில்லாத சீட்டுகளோடு மெதுவாகப் போகிறது.