வயிற்றுக் கெண்டை

கெண்டைக்காலில் ஒரு மீன் இருப்பது
பேரிலேயே தெரியும்.
வயிற்றிலும் ஒன்று கிடப்பது
தேவனாம்பட்டினம் கடற்கரையில்
பதினான்காவது முறை எழும்போதுதான் தெரிந்தது.

வலது விலாவுக்குக் கீழே
சட்டென்று சுருண்டு
கல்லாகிப்
புடைத்து நின்றது.
பாதி எழுந்தவள் பாதியிலேயே நின்றேன்,
சாயவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.
கணுக்கால் இரண்டையும் அமுக்கிக்கொண்டிருந்த அஞ்சலாட்சி
நான் சிரிக்கிறேன் என்று நினைத்து
தானும் சிரித்தாள்.

முதுநகர் துறைமுகத்தில் ஏலக் கணக்கு எழுதுகிறேன்.
விடிவதற்கு முன் குனிந்த தலை
வெயில் ஏறித்தான் நிமிரும்.
குறுக்குவலிக்கு மஞ்சக்குப்பம் பிசியோ சொன்னார்:
"முதுகைத் தாங்குறது வயிறும்மா.
அதை பலமாக்குங்க. தினமும் இருபது."
இரண்டு பிள்ளைகள் இறங்கிப்போன பிறகு
அவிழ்த்துப் போட்ட சாக்கு மாதிரி கிடக்கிறது.
அதனிடம் போய்
இருபது கேட்கிறார்.

ஆளுக்கொரு வைத்தியம்.
சுண்டல்காரர் வாயு என்றார்.
நடக்க வரும் தபால் ஆபீஸ்காரர்
உப்பு கம்மி, மோரில் போட்டுக் குடிங்க என்றார்.
நாத்தனார் கண்ணேறு என்றாள்.
வீட்டுக்காரர், டிவியிலிருந்து முகம் திருப்பாமல்,
"அப்ப விட்டுடேன்."

மோர் குடித்தேன்.
சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்தே மணலுக்கு வந்தேன்.
ராத்திரி வெந்நீர்ப் பை.
கண்ணேறுக்கும் சுற்றிப் போட்டேன், யார் கண்டது.

அது வருகிற நேரத்தில் வந்தது.
செருப்பு வாரை மாட்டக் குனிந்தால் வந்தது.
தும்மினால் வந்தது.
ஒருநாள் ஏலத்தின் நடுவில்,
வஞ்சிரம் எழுநூறு, எழுநூற்றைம்பது என்று ஏறிக்கொண்டிருக்க
பேரேட்டின்மேல் மடங்கி
நான் தலையை உதறியதை
ஏலக்காரர் எண்ணூறு என்று கூவிவிட்டார்.
அந்த மீனை விற்றுத் தீர்ப்பதற்குள் பட்ட பாடு
தனிக் கணக்கு.

எதிர்த்து இறுக்கினால் இன்னும் இறுகும்.
மல்லாந்து
கைகளைத் தலைக்குமேல் நீட்டி
வயிற்றை வானத்திடம் விட்டுவிட வேண்டும்.
வாயைக் குவித்து
சூடான டீயை ஆற்றுகிற அளவுக்கு
மூச்சை வெளியே விட வேண்டும்.
உள்ளே இழுப்பதில்தான் சிக்கல்:
தெற்குக் காற்றென்றால் சிப்காட் வாடை வரும்.
அன்றைக்குக் கொஞ்சமாக இழுத்துக்கொள்வேன்.
எண்ணுவதற்கு அலைகள் இருக்கின்றன.
ஆறாவது அலையில் கல் அசையும்.
ஒன்பதில் வால் நீளும்.
அப்புறம் எங்கே கிடந்தது என்றே தெரியாது,
தொட்டால் மட்டும் நோகும்.

முப்பத்தொன்பது வயதில்
பத்துப் பேர் பார்க்க மணலில் மல்லாந்து கிடக்க
எனக்கு ஒரு காரணம் கிடைத்தது.
முதல் வாரம் புடவையை இழுத்து இழுத்து மூடினேன்.
இப்போது நைட் பேன்ட்.

போன செவ்வாய்க்கிழமை அவள் முறை.
நான் கணுக்காலைப் பிடித்திருந்தேன்.
பதினொன்றில் அஞ்சலாட்சியின் முகம்
ஒரு பக்கமாகக் கோணியது.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
சிரித்த இடத்திலேயே என்னையும் பிடித்துக்கொண்டது.

பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம்,
நான்கு கைகளும் கலங்கரை விளக்கம் பார்த்து.
குதிரைக்காரப் பையன் நின்று கேட்டான்:
"இது என்ன ஆசனம்க்கா?"
பல்லைக் கடித்தபடி அவள் சொன்னாள்,
"கெண்டையாசனம்."
"சிரிக்க வைக்காதடி, இழுக்குது."
ஏழாவது அலை.
குதிரை எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

அவளுக்கு விட்டுவிட்டது.
எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு
எனக்கும் விடும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு
கணுக்காலைப் பிடிக்க வந்தாள்.

இன்னைக்குப் பத்து போதும் என்றேன்.
பதினைந்து என்றாள்.
பன்னிரண்டுக்குப் படிந்தது.