உப்பு அளக்கிற வேலை

விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' கட்டத்தை
வெறுமனே விட மனமில்லாமல்
'எங்கள் வீட்டுக் கிணறு' என்று எழுதியிருந்தேன்.
மூன்று பேரும் சிரிக்கவில்லை.
"எந்த வருஷத்திலேர்ந்து கரிக்குது?" என்றார்கள்.

கோரையாற்று முகத்துவாரம் தொடங்கி
ஒன்பது வாய்க்கால்.
மீட்டர், நோட்டு,
முழங்கால்வரை சேறு.

"இதுக்கா எம்.எஸ்சி.?
நாக்குல வச்சா தெரியாதா?"
என்ற சித்தப்பா
நேற்று ராத்திரி பத்து மணிக்கு
பழைய சோடா பாட்டிலில்
போர்த் தண்ணீரோடு வந்தார்,
நாற்று விடலாமா என்று கேட்க.

எண்ணைச் சொன்னேன்.
வெகுநேரம் பாட்டிலையே பார்த்திருந்துவிட்டு
"நம்ம செழியன் சும்மாதான் கெடக்கான்…
ஆள் எடுக்குறாங்களா?" என்றார்.

வாசலில் தண்ணீரைக் கொட்டப் போனவர்
முருங்கைக் கன்றைப் பார்த்ததும்
தார்ரோடுவரை நடந்தார்.