ஆயிரத்து ஐந்நூறு

பிரஸ்ஸல்ஸில் ஏழாம் மாடி.
மழை இங்கே பக்கவாட்டில் பெய்யும்.
என் மேசைமேல்
ஒன்றாகிவிட விரும்பும் இரண்டு எஃகு ஆலைகளின் மனு,
நாலாயிரத்து இருநூறு பக்கம்.
கல்யாணப் பத்திரிகை இவ்வளவு கனக்குமா
என்றான் தோர்கில்.

கணக்கு எளிது.
ஒன்றின் பங்கு நூற்றுக்கு முப்பது,
முப்பதின் வர்க்கம் தொள்ளாயிரம்.
மற்றதற்கு இருபத்தைந்து,
அதன் வர்க்கம் அறுநூற்று இருபத்தைந்து.
சேர்ந்தபின் ஐம்பத்தைந்து.
ஐம்பத்தைந்தின் வர்க்கமோ
மூவாயிரத்து இருபத்தைந்து.

கூட்டிக் கழித்தால்
ஓர் ஆயிரத்து ஐந்நூறு மிஞ்சுகிறது.
எந்த உலையும் உருக்காதது,
எந்த லாரியிலும் ஏறாதது.
அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான்
எனக்குச் சம்பளம்.

உலகமே சந்தை என்றார்கள் வக்கீல்கள்,
கடல் திறந்துகிடக்கிறது, கிழக்கிலிருந்து கப்பல் வரும்.
வரும்.
ஒன்பது வாரத்தில்,
இருநூறு டன்னுக்குக் குறையாமல் கேட்பவருக்கு.

செஃபெரினோ வாங்குவது மாதம் பதினொரு டன்.
வடக்குப் போர்ச்சுகலில் நாற்பத்தொரு பேர் நிற்கும் கொட்டகையில்
சூப் கரண்டி, தேக்கரண்டி,
ஒரு காலத்தில் விமானங்களுக்கு முள்கரண்டி.

விலை நூற்றுக்கு ஐந்து ஏறினால் என்ன செய்வீர்கள்?
கையேட்டில் உள்ள கேள்வி. தொலைபேசியில் கேட்டேன்.
மொழிபெயர்ப்பாளர் முடிக்குமுன்னே சிரித்தார்.
"கரண்டியை மெலிதாக்குவேன்."
இன்னும் ஏறினால்?
"இன்னும் மெலிதாக்குவேன். ஒரு நாள்
ஐஸ்கிரீமில் குத்தும்போது வளையும்.
அன்றைக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்."

பிறகு, கேட்காமலே சொன்னார்:
"பதினொரு டன்காரனுக்குப் பேரம் ஏது, டோனா வெல்டா?
என்னிடம் இருப்பது இரண்டு நாட்காட்டிகள்.
இந்த ஆலை ஆள் வரும் நாளில்
அந்த ஆலையின் நாட்காட்டியை முன்னால் மாட்டுவேன்.
அவன் வந்தால் இவனுடையது.
வாய் திறக்க மாட்டேன். காபி கொடுப்பேன்.
சுவரைப் பார்ப்பார்கள்.
கிலோவுக்கு நாலு சென்ட் இறங்கும்."

எழுதிக்கொண்டேன்.
பொருளியல் பிரிவுக்கு அனுப்பினேன்.
சமன்பாட்டில் இதற்கு இடமில்லை,
வணக்கம், என்று பதில் வந்தது.

வெளியிட்ட பிரதியில்
செஃபெரினோ 'ஒரு வாடிக்கையாளர்' ஆனார்.
நாலு சென்ட்மேல் கறுப்புப் பட்டை விழுந்தது.
நாட்காட்டி
முந்நூற்றுப் பன்னிரண்டாம் அடிக்குறிப்பில்.

அனுமதி, நிபந்தனையோடு:
ஒரு உருட்டு வரிசையை ஆறு மாதத்துக்குள்
தகுந்த கைக்கு விற்க வேண்டும்.
விற்றார்கள். கை தகுந்ததுதான்.
நானே மூன்று முறை சரிபார்த்தேன்.
இரண்டாம் வருடம் அந்தக் கை
கரண்டித் தகட்டில் லாபமில்லை என்று
லிஃப்ட் கதவுகளுக்கு மாறியது.
அது என் கோப்பில் இல்லை.
கோப்பு அதற்குள் மூடியாயிற்று,
நிலவறையில், பெட்டி எண்ணோடு.

நேற்று அவரைக் கூப்பிட்டேன்.
கேள்வி கேட்க அதிகாரமில்லை,
நலம் விசாரிக்கத் தடையில்லை.
இருக்கிறோம் என்றார். முப்பத்தாறு பேர்.
சுவரில் அதே இரண்டு ஆணி.
ஒன்றில் புதிய சின்னம் போட்ட நாட்காட்டி.
மற்றதில், வேறு கிடைக்காமல்,
இல்லாமற்போன ஆலையின் பழையது.

"ஆள் வந்தான்.
காபி குடித்தான்.
சுவரை ரொம்ப நேரம் பார்த்தான், டோனா,
எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.
பிறகு சொன்னான்,
தேதி தப்பாக இருக்கிறதே."