இரண்டாவது கை

ஏழு ஆட்டம் தொடர்ந்து தோற்ற அணியின்
இடது கார்னர் நான்.
காலைப் பிடிப்பது என் வேலை.
பிடித்த கால்களைவிட
பிடித்துவிட்டதாய் நினைத்த கால்கள் அதிகம்.

திருவாரூரில் ஒருத்தி
விரலிடுக்கில் கெண்டையாய் வழுக்கிப் போனாள்.
நாகப்பட்டினத்தில் ஒருத்தி
என் தலைக்கு மேலே தாண்டினாள்.
எழுந்து பார்த்தால்
நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று
ஜடையைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள்.
கும்பகோணத்தில் நடந்ததை
இங்கே எழுதப்போவதில்லை.

கணுக்கால் சுளுக்கி வெளியே உட்கார்ந்த ஹசீனா
சும்மா இருக்க முடியாமல்
பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டைப் பின்பக்கம் திருப்பிக்
கட்டம் போட்டாள்:
முதல் கை யாருடையது,
இரண்டாவது கை எப்போது வந்தது.

மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில்
உளுந்து தெளிக்காத ஒரு வயலைத் தேடிப் பிடித்திருந்தோம்.
அறுத்த தாள் உள்ளங்காலில் குத்தும்.
களிமண் வெடிப்பில் கட்டைவிரல் மாட்டும்.
அங்கேதான் வாசித்தாள்:
"தையல்நாயகி. பதினாலு தடவை முதல் கை.
அதுல பதினொண்ணுல
ரெண்டாவது கை வரவேயில்ல."

தையல்நாயகி நான்தான்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பிறகு அவரவர் கையைப் பார்த்தார்கள்.
அபயாம்பாள் மட்டும் பேசினாள்:
"நான் மூச்சு இழுக்கறதுக்குள்ள
நீ தரையில கெடக்குற. எங்க வர்றது?"

அதுவும் உண்மைதான் என்பதால்
இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் வந்து
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
"போனஸ் கோட்டுக்குச் சும்மா கால் நீட்டுவா. விடு.
உடம்பு எடை அந்தக் காலுக்கு வரணும்.
நான் அழுத்தினா, போ."

மன்னார்குடியில் எட்டாவது ஆட்டம்.
இரண்டாம் பாதி. மிச்சம் மூன்று பேர்.
பட்டுக்கோட்டைக் கல்லூரி ரைடர் உள்ளே வந்தாள்,
பெயர் தெரியாது, முதுகில் ஒன்பது.
அவள் கபடி சொல்வது
ஜன்னல் மூலையில் குளவி மண் பூசும் சத்தம்.
ஆரோக்கியமேரியைச் சீண்டினாள்.
சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.
கால் நீண்டது.
என் உடம்பெல்லாம் போ போ என்றது.
மணிக்கட்டில் ஒன்றுமில்லை.
கால் திரும்பிப் போயிற்று.

மறுபடி நீண்டது.
இந்தத் தடவை குதிகால் பாயில் அமர்ந்தது.

அழுத்தினாள்.

கணுக்காலில் என் இரண்டு கை.
இழுத்தாள். இழுபட்டேன்.
முழங்கைத் தோல் எங்கேயோ பின்னால் தங்கிவிட்டது.
நடுக்கோட்டுக்கு அவள் விரல் ஒரு சாண்.
இந்த ஒரு சாணில்தான்
ஏழு ஆட்டமும் போனது,
ஒற்றைக் காலைக் கட்டிக்கொண்டு
நான் மட்டும் கிடக்க.

அவள் இடுப்பில் அபயாம்பாள் வந்து விழுந்தாள்.
அதன்மேல் ஆரோக்கியமேரி,
ஆற்றுக்கரை உடைப்பில் மணல்மூட்டை இறங்குகிறாற்போல்
தொம்மென்று.
எங்களுக்கு அடியில் எங்கேயோ
குளவி நின்றது.

சூப்பர் டேக்கிள். இரண்டு புள்ளி.
வெளியிலிருந்து ஒருத்தி உள்ளே வர, நான்கு பேரானோம்.
அடுத்து வந்தவளையும் பிடித்தோம்.
அதற்கடுத்தவள் தப்பித்தாள்,
நான் மறுபடி அவசரப்பட்டேன்.

ஜெயித்தோம் என்று முடிக்க ஆசை.
முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று.

திரும்பும்போது
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது, வழக்கம்போல.
நெல்மூட்டை ஏற்றிய வேகன்கள்
ஒவ்வொன்றாய்ப் போகப் போக,
பஸ்ஸின் மங்கல் வெளிச்சத்தில்
ஹசீனா கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள்.
டைஞ்சர் தடவிய முழங்கை
வேகனுக்கு வேகன் எரிந்தது.

திங்கட்கிழமை
அதே நோட்டை லேபில் கொடுத்துத் தொலைத்துவிட்டாள்.
பின்பக்கம்வரை திருப்பிப் பார்த்திருக்கிறார் மேடம்.
மூன்று பக்கக் கட்டத்துக்கும் கீழே
சிவப்பு மையில் ஒரு வரி:

அளவீடுகள் போதா. சோதனையைத் திரும்பச் செய்க.

ஞாயிறு, தஞ்சாவூரில் ஆட்டம்.