மா கணக்கு

ரிஸ்வான் வந்து மாட்டிவிட்டுப் போனான்.
நீடாமங்கலத்துப் பையன்,
பல்லிடுக்கில் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டே பேசுவான்.
மெத்தைக்கு அடியில் ஒரு பாய்.
பாய் என்றால் கோரை இல்லை, கம்பி ஓடும் ரப்பர்.
நிலைப்படியில் ஒரு கண்.
சமையலறைச் சுவரோரம், கணுக்கால் உயரத்தில், இரண்டு.
தலைமாட்டில் அது.
பெயர் வையுங்கண்ணே என்றான்.
நான் வைக்கவில்லை.

பெல்ட் வண்டியில் அறுப்பு ஓட்டியவன் நான்.
தை மாதம், பாமணியாற்றுக்குத் தெற்கே,
ஈரம் காயாத வரப்பு
வண்டியோடு என்னை உள்ளே வாங்கிக்கொண்டது.
மார்புக்குக் கீழே எனக்கு உடம்பு இருப்பது
அன்றிலிருந்து கேள்விப்பட்ட சங்கதி.
ஆனாலும் காலில் எரிகிறது.
டாக்டரும் ஆமாம் எரியும் என்கிறார்.

"வலி எவ்வளவு? ஒன்று முதல் பத்துக்குள் கூறுங்கள்."
செய்தி வாசிக்கிற தமிழ்.
பத்துக்குள் என்ன அடங்கும்?
நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி,
எனக்கு வாய்த்த கணக்கு அது.
"நாலு மா" என்றேன் எரிச்சலில்.
"புரியவில்லை" என்றது.
மறுநாள், "ஆறு மா. அதுவும் வாய்க்கால் ஓரமா."
"புரியவில்லை."
பத்தாம் நாளோ பதினோராம் நாளோ
அதுவாகவே கேட்டது:
"இன்று எத்தனை மா?"

சிரித்தேன். தோள் வலித்தது.
அதையும் குறித்துக்கொண்டது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம்
என்னைப் புரட்ட வேண்டும், இல்லையென்றால் புண் வைக்கும்.
பத்துக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு
அது கூப்பிடும், பூங்கோதை வருவாள்.
இடுப்புக்கு அடியில் கை கொடுத்து
மூட்டையைப் புரட்டுகிற மாதிரி இல்லாமல் புரட்டுவாள்.
பகலெல்லாம் அரிசி ஆலையில் நிற்கிறவள்.
மூட்டை எப்படிப் புரளும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு ராத்திரி அதனிடம் சொன்னேன்:
"ரெண்டு மணிக்கு அவளை எழுப்பாதே."
"தோல் சிவக்கும்."
"சிவக்கட்டும். ஒரு ராத்திரியாவது தூங்கட்டும்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
சுவரில் பச்சைப் பொட்டு மட்டும்.
பிறகு அதே செய்தித் தமிழில்:
"அவர் தூங்கவில்லை."

பன்னிரண்டு ஐம்பதுக்கு எழுந்திருக்கிறாள்.
அடுப்புக்கும் பின்கதவுக்கும் நடுவே பதினொரு தடவை.
அப்புறம் ஒரே இடத்தில்
நாற்பது நிமிஷமாய் நின்றுகொண்டு.
"நேத்து?"
"நேற்றும்."
"எத்தனை நாளா?"
"நான் வந்த நாளிலிருந்து. அதற்கு முன் எனக்குத் தெரியாது."
"ஏன் சொல்லலை?"
"அவர் என்னிடம் நோயாளியாகப் பதிவாகவில்லை."

கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
அதை எத்தனை மாவில் சேர்த்ததோ.

அது கூப்பிடும் முன்பே வந்து நின்றாள்.
"தூங்கினியா?"
"ம்."
"பதினொரு தடவை நடந்தியாமே."
அவள் கை என் விலாவில் அப்படியே நின்றது.
எனக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்தேன்.
"என்னையும் எண்ணுதா இது?"
போனாள். ஆலையிலிருந்து கொண்டுவந்த காலிச் சாக்கை
சமையலறைக் கண்கள் மேல் சாத்திவிட்டு வந்து
கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.
முகம் கொடுக்கவில்லை.

மணி இரண்டு. அது கேட்கிற நேரம்.
"இன்று எத்தனை மா?"
என்னைத்தான் கேட்டது.
அவள் சொன்னாள்:
"என்னுது புறம்போக்கு.
பட்டாவும் இல்லை, அளந்தவனும் இல்லை."
"புரியவில்லை" என்றது.
"பத்து நாள் பொறு" என்றேன்,
யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

என்னை இடப்பக்கம் புரட்டினாள்.
காலியான இடத்தில் அவளே சாய்ந்துகொண்டாள்,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.
"பாயில் எடை கூடியிருக்கிறது."
"இருக்கட்டும்."

நாலு மணிக்குக் கூப்பிட்டது.
அவள் எழவில்லை.
நான் எழுப்பவில்லை.
ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி கூப்பிட்டது,
இந்தத் தடவை
குரலைத் தாழ்த்திக்கொண்டு.